தையல் விஷயம் மட்டும்

ஜூன் 4, புதன்

கரூருக்கு வந்து ஒரு வாரமாகிறது. இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். முப்பத்தாறு வருடம் தபால் ஆபீஸில் தேதி முத்திரை குத்தியவள் நான். தேதி போட்டு நாலு வரி எழுதாத நாள் எனக்கு நாளாகவே தோன்றுவதில்லை.

வந்த காரணம்: மகள் சுகந்தியின் வீட்டுக்காரர் பைக்கில் போகும்போது நாய் குறுக்கே ஓடி, விழுந்துவிட்டார். வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவள் மஸ்கட்டில் நர்ஸ். ஊரார் காலையெல்லாம் பார்க்கிறவளுக்குக் கட்டியவர் காலைப் பார்க்க லீவு கிடைக்கவில்லை. அவருக்கு அம்மா இல்லை, ஒரே அண்ணன் சூரத்தில். "நீதாம்மா போகோணும்" என்றாள். போகாமல் என்ன செய்வது?

அவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் ஓர் ஆள் வந்து போகிறார். மற்றதெல்லாம் நான். சிக்கல் ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. அவர் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். சேதி எதுவானாலும் நடுவில் சுகந்தி. கல்யாணமாகி ஆறு வருடம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது நடுவில் ஆளில்லை. இரண்டு அறை வீட்டில் நானும் அவரும் மட்டும்.

ஆகவே அவர் ஃபேனைப் பார்த்து, "கொஞ்சம் மோர் இருந்தாத் தேவலாமுங்க" என்கிறார். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "மோர் தீந்துபோச்சு, எலுமிச்சம்பழம் வேணாப் பிழியலாம்" என்கிறேன். அவர் ஃபேனிடம், "அதுவே போதுமுங்க" என்கிறார். மாடி வீட்டு ஷகிலா இன்று இதைக் கேட்டுவிட்டாள். சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

"ஏனுங்கம்மா, இந்த வீட்ல ஃபேனும் ஃப்ரிட்ஜுந்தான் குடும்பம் நடத்துதுங்களா?"

வாயாடி. ஆனால் நல்லவள்.

ஜூன் 5, வியாழன்

புடலங்காய்ப் பொரியல், ரசம். கட்டுக்குள்ளே அரிக்கிறதாம். ஃபேனிடம் புகார்.

ஜூன் 7, சனி

பக்ரீத். ஷகிலா வீட்டு பிரியாணி வந்தது. இன்று அடுப்புக்கு ஓய்வு.

டொரண்டோவிலிருந்து மகன் தினகரன் பேசினான். கோயமுத்தூர்ப் பக்கம் முதியோர் இல்லத்தில் எனக்கு இடம் உறுதியாகிவிட்டதாம். தாராபுரத்தில் நான் இருந்த வாடகை வீட்டை இடித்து மாடி கட்டப்போகிறார்கள். என் சாமான்கள் இப்போது தங்கை வீட்டு மூலையில் கிடக்கின்றன. கனடாவுக்கு வா என்கிறான். அந்தக் குளிரில் போய் நான் என்ன செய்ய? ஜூலை பதினேழில் ஆடி பிறக்கிறது. ஆடியில் குடி போகக் கூடாது. அதனால் பதினாலாம் தேதி திங்கட்கிழமை சேர்வதென்று பேச்சு. இங்கே கட்டுப் பிரிப்பது ஒன்பதாம் தேதி. நாள் எல்லாம் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

"மக வீடு இருக்கறப்ப அங்கெல்லாம் எதுக்குங்கம்மா?" என்றாள் ஷகிலா. சுகந்தியும் ஒருமுறை, "இங்கயே இரும்மா" என்றாள்தான். ஆனால் மகள் சொல்வது வேறு. வீட்டுக்கு உடையவர் வாயைத் திறந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாத வீட்டில் மாமியார்க்காரி கால்நீட்டி உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அவர் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

எழுதியே விடுகிறேன். எனக்கு அந்த இல்லத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் போவேன்.

ஜூன் 10, செவ்வாய்

இல்லத்திலிருந்து வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பதினெட்டு வரி. ஸ்டீல் டம்ளர் இரண்டு, ஆதார் நகல், ரப்பர் செருப்பு. பதினாலாவது வரி: "பெயர் எழுதிய, உறுதியான, நீண்ட கைப்பிடியுள்ள துணிப்பை ஒன்று (அழுக்குத் துணி போட)."

கடைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னேன். ஃபேன் பக்கமிருந்து பதில் வந்தது.

"கடைப் பை மூணு மாசம் தாங்காதுங்க. பீரோவுக்கு மேல நல்ல கேன்வாஸ் துணி கெடக்குதுங்க. மெஷினும் சும்மாதான் நிக்குது. நான் வெட்டித் தந்தர்றனுங்க. காலு இப்படி இருக்கறதால மெஷின்தான் மிதிக்க முடியாது."

சுகந்தியின் வீட்டுக்காரர் ஏற்றுமதிக் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டர். மேஜை விரிப்பு, சமையல் ஏப்ரன், பை எல்லாம் அவர் வெட்டித்தான் கப்பல் ஏறுகிறது. எனக்குத் தெரிந்த தையல் தலையணை உறைக்கு ஓரம் மடிப்பது மட்டும். ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "நாலு தையல்தானே, நானே போட்டுக்கறேன்" என்று ஃப்ரிட்ஜிடம் பெருமையடித்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பை தைப்பதற்குமுன் துணியைக் குளிப்பாட்ட வேண்டுமாம். கேன்வாஸ் முதல் தண்ணீரில் சுருங்குமாம். பை தைத்தபிறகு சுருங்கினால் கோணிக்கொள்ளுமாம். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, கொடியில் போட்டு, இஸ்திரி போட்டேன். நனைந்த கேன்வாஸைப் பிழிவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஷகிலா ஒரு முனை, நான் ஒரு முனை.

ஜூன் 14, சனி

இன்று வெட்டினார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி, மடியில் பலகையை வைத்துக்கொண்டார். அகலம் பதினாறு அங்குலம், நீளம் முப்பத்தைந்து. அடியில் தையல் வராமல் ஒரே துணியை மடித்துப் பை ஆக்குவது. கைப்பிடிக்கு இருபத்தாறு அங்குலத்தில் இரண்டு பட்டை. சாக்பீஸால் ஒரு கோடு, அதன்மேல் கத்திரி. இன்ச் டேப்பை ஒரே தடவைதான் வைத்துப் பார்த்தார். நான் சமையலறை நிலையருகே நின்று பார்த்தேன். கத்திரி ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

நன்றாக வெட்டினார். அதில் சொல்ல என்ன இருக்கிறது? தொழில்.

செய்முறையை ஒரு தாளில் வரிசையாக எழுதி, கட்டிலோரம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் போய் எடுத்துக்கொண்டேன். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

காலையிலேயே உட்கார்ந்தேன். முதலில் ஊசி உடைந்தது. கேன்வாஸுக்குத் தடித்த ஊசி வேண்டுமாம், அது தாளில் இல்லை. மாற்றினேன். இரண்டு பக்கமும் மூட்டினேன். வாயை ஓரம் மடித்தேன். பட்டைகளை நாலாக மடித்துத் தைத்துக் கைப்பிடி ஆக்கினேன். எல்லாம் சரி. தாளில் ஐந்தாவது வரி: "கைப்பிடியை வைத்துச் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்குக்கோடு போடவும்." போட்டேன். நாலு முனையிலும், சதுரம், உள்ளே பெருக்கல் குறி. முக்கால் மணி நேரம். முதுகு போய்விட்டது. கட்டில் மெஷினுக்கு நேர் எதிரே. சுகந்தியின் வீட்டுக்காரர் முழு நேரமும் விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நூலை வெட்டிப் பையைத் தூக்கிப் பிடித்தேன். வாயை விரித்துப் பார்த்தேன். விரியவில்லை. பையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துவைத்துக் கைப்பிடியைத் தைத்திருக்கிறேன். வாயே இல்லாத பை!

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

ஷகிலா வந்து பையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "நல்ல கெட்டித் தையலுங்கம்மா. திருடன் வந்தாலும் ஒண்ணும் எடுக்க முடியாது."

ஜூன் 16, திங்கள்

சுகந்தி டியூட்டி முடிந்து கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் ஸ்டூல்மேல் வைத்தேன்.

"அவரக் கேளு. நான் தப்பாத் தெக்கறத முக்கா மணி நேரம் பாத்துட்டு இருந்தாரே. ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கற முத்தா உதுந்துரும்?"

"ஏனுங்க, பாத்துட்டா இருந்தீங்க?" என்றாள் சுகந்தி.

"ஆமா. முதல் முனையிலயே பாத்துட்டேன்."

"சொல்றதுக்கென்ன?"

"அத்தை தெக்கறப்ப நான் எப்படி அது தப்புன்னு குறுக்க பேசறது? ஒனக்குப் போன் போட்டுச் சொல்லலாம்னு பாத்தேன், நீ டியூட்டியில இருந்தே. அதுக்குள்ள நாலு முனையும் முடிஞ்சுபோச்சு."

மஸ்கட்டில் இருந்து சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

பிறகு தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டு பேரும் கேளுங்க. உங்க வழக்கத்த நான் மாத்தச் சொல்லல. ஆனா தையல் விசயம் மட்டும் நேராப் பேசிக்கோங்க. மத்ததுக்கு ஃபேனு, ஃப்ரிட்ஜு, எது வேணாலும் வெச்சுக்கோங்க."

தாட்சண்யம் பார்த்து அவரும் சரி என்றார். நானும் சரி என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் வார்த்தை. ஆறு வருடத்தில் என் முகம் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "பிரிங்க."

பிரித்தேன். நாலு சதுரம், நாலு பெருக்கல் குறி. பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக. கேன்வாஸில் போட்ட தையல் பிடிவாதக்காரத் தையல்.

ஜூன் 19, வியாழன்

ஃபேனிடம் பேசும்போது பசுவாக இருக்கிற மனிதர் தையல் என்று வந்தால் புலியாகிவிடுகிறார். "காலை அவசரமா மிதிக்காதீங்க." "துணிய இழுக்காதீங்க, அது தானாப் போகும், நீங்க வழி மட்டும் காட்டுங்க." "இந்தக் கோடு கோடே இல்லீங்க, பிரிங்க." போஸ்ட்மாஸ்டராக எட்டுப் பேரை அதட்டி வேலை வாங்கியவளைத் தலை நிமிராமல் தைக்க வைக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கம்பெனியில் புதிதாக வரும் பெண்கள்கூட முதல் பையை மூன்று முறை பிரிப்பார்கள் என்றார். நான் இதுவரை இரண்டே முறைதான்.

குழந்தைவேல் என்று பெயர் வைத்தவர்கள் இவர் மெஷினருகே எப்படி இருப்பார் என்று அறிந்திருக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஷகிலாவோடு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள்: "அண்ணன் உங்களப்பத்தி ரொம்பப் பெருமையாச் சொல்லுவாருங்கம்மா. எங்க அத்தை பழைய ஆளு, மரியாதை தெரிஞ்சவங்க, மருமகன்னா நேர நின்னுகூடப் பேசமாட்டாங்கம்பாரு."

வடகத்தைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

இங்கே சொல்லிவிடுகிறேன். மரியாதையெல்லாம் இல்லை. என் அக்காள் தன் மருமகனோடு சீட்டுக்கட்டு ஆடுகிறாள். எங்கள் வீட்டில் வழக்கம் என்று ஒன்று இருந்தது நிஜம், அது எங்கள் அம்மா காலத்தோடு போய்விட்டது. அதைத் தூசிதட்டி எடுத்தது நான்தான். நர்ஸிங் படித்த என் பெண் ஒரு கட்டிங் மாஸ்டரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. தடுக்கவும் முடியவில்லை. கல்யாண மண்டபத்தில் என் தங்கையிடம், "பத்தாவது பெயிலானவங்கிட்ட நான் என்னத்தப் பேசறது?" என்று சொன்னேன். அன்றிலிருந்து பேசவில்லை. பேசாமலிருக்க ஒரு நல்ல பெயர் கைவசம் இருந்தது, வழக்கம்.

அதை அந்த மனிதர் மரியாதை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பையில் ஒரு பக்கக் கைப்பிடி முடிந்தது. பிரிக்கச் சொல்லவில்லை!

ஜூன் 26, வியாழன்

தையல் விஷயம் மட்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் தையல் எங்கே முடிகிறது என்று சுகந்தி எல்லை போட்டுத் தரவில்லை.

இன்று நான் மெஷினில் உட்கார்ந்ததும், "நூலு இறுக்கமா விழுவுது. கையி நடுங்குதாட்ட இருக்குதே. நேத்துத் தூங்கலீங்களா?" என்றார். தூக்கம் தையலில் சேருமா? கை நடுங்கினால் தையல் கோணும், ஆக சேரும் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, கொசு கடித்தது என்றேன். "கொசுவுக்கா இப்படி?" என்றார். பிறகு நான், இந்த வேலையை எந்த வயதில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அதுவும் தையல் விஷயம்தானே.

அவர் பத்தாவது பரீட்சை எழுதவே இல்லையாம். பரீட்சை வாரத்தில் அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில். "வீட்ல சமைக்க, அம்மாவுக்குக் கொண்டு போக ஆளில்லீங்க. அண்ணன் அப்பவே சூரத் போயிட்டான். ரிசல்ட்டு வந்தப்ப பெயிலுன்னு போட்டுட்டாங்க. எழுதாததுக்கும் பெயிலுதானுங்களே. அடுத்த மாசம் அம்மா போயிட்டாங்க. அப்புறம் கத்திரி புடிக்கப் போயிட்டேன்." சொல்லிவிட்டு, "அந்த மடிப்ப நகத்தால ஒருக்கா நீவி விடுங்க" என்றார்.

நீவினேன். கண் சரியாகத் தெரியவில்லை. தையல் கோணியது. இம்முறை அவர் பிரிக்கச் சொல்லவில்லை, நானாகவே பிரித்தேன்.

ஜூன் 28, சனி

கோயமுத்தூர் போய் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தினகரனின் சிநேகிதர் காரில் கூட்டிப்போனார். ஷகிலா இங்கே சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டாள்.

சுத்தமான இடம். தோட்டம் உண்டு. டாக்டர் வாரம் இரண்டு நாள் வருகிறார். என் அறையில் சேலத்து ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். நல்ல மாதிரி. என் கட்டில் ஜன்னலோரம். குறை சொல்ல எதுவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கண்ணை மேலே கொண்டுபோய், "எடம் எப்படி இருந்துதோ" என்றார் ஃபேனிடம்.

"நல்லா இருந்துது" என்றேன் ஃப்ரிட்ஜிடம்.

ஜூலை 2, புதன்

பை நேற்றே முடிந்திருக்க வேண்டும். அடி மூலை இரண்டையும் முக்கோணமாக மடித்துத் தைத்தால் பை தானாக நிற்கும் என்று சொல்லி அதையும் செய்யவைத்தார். செய்தேன். இன்று அளந்து பார்த்துவிட்டு, ஒரு மூலை கால் அங்குலம் கூட, பிரிங்க என்றார்.

கால் அங்குலம்! அழுக்குத் துணி போடுகிற பை. அதற்குள் யார் அளவுகோல் வைக்கப்போகிறார்கள்? "ஏற்றுமதிக்கா போகுது?" என்று கேட்டேன். "ஏற்றுமதின்னா விட்டுருவனுங்க. அத்தை கொண்டுபோற பை" என்றார்.

ஷகிலா, "அண்ணன் இப்படிப் புடிச்சா இந்தப் பை அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும்" என்றாள். தொழில்சுத்தம் பார்க்கிற மனிதர் அப்படித்தான் இருப்பார் என்று அவருக்காக நான் பரிந்து பேசினேன்.

ஜூலை 4, வெள்ளி

மூலை சரியாகிவிட்டது. அளந்தோம். இரண்டும் ஒன்றுபோல.

மத்தியானம் மாப்பிள்ளை தூங்கும்போது நான் பையை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கத் தையல் லேசாக வளைந்திருப்பதுபோல் பட்டது. பிரித்துவிட்டேன். எழுந்ததும், "இது கோணலா இருந்துது, அதான்" என்றேன். அவர் பையைத் திருப்பிப் பார்த்தார். பிரித்த இடத்தில் ஊசிப் பொத்தல்கள் நேர்க்கோட்டில் தெரிந்தன. "ஆமாங்க, கோணல்தான்" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

பெயர் எழுத வேண்டும் என்று பட்டியலில் இருக்கிறதே. மார்க்கர் பேனாவில் எழுதலாம் என்றேன். நாலு சலவையில் போய்விடும், நூலில் போடுவதுதான் முறை என்றார் மாப்பிள்ளை. கமலவேணி என்று சாக்பீஸால் எழுதித் தந்தார். ஒரு எழுத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. நல்லவேளை, எங்கள் அப்பா எனக்கு மணி என்று பெயர் வைக்கவில்லை.

இன்று பேசியவை (எல்லாம் தையல் விஷயம்): சுகந்தி சின்ன வயதில் ஊசியை விழுங்கிவிட்டதாக ஊரைக் கூட்டியது. மஸ்கட் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிந்ததும் அவள் வந்துவிடுவாள் என்பது. என் வீட்டுக்காரர் இறந்த வருடம் நான் ஒரு நாள்கூட லீவு போடாதது. ஏன் போடவில்லை என்று கேட்டார். வீட்டிலிருந்தால் யாரோடு பேசுவது என்றேன். அவர் நூலைக் கோத்துக் கொடுத்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பை முடிந்துவிட்டது. இனி அதில் பிரிக்க ஒன்றுமில்லை. அவரும் தேடிப் பார்த்தார், நானும் தேடினேன்.

ஜூலை 9, புதன்

மாவுக்கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறதாம். வாக்கர் பிடித்து ஒரு மாதம் நடக்க வேண்டும், காலைப் பலமாக ஊன்றக் கூடாது. கட்டுக்குள் இருந்த கால் மற்றதைவிட மெலிந்து வெளுத்திருக்கிறது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஃபேன். ஃப்ரிட்ஜ்.

ஜூலை 13, ஞாயிறு

பெட்டி கட்டிவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு வருகிறமாதிரி பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் செய்து டப்பாக்களில் பெயர் ஒட்டிவைத்தேன். ஷகிலா மதியச் சாப்பாடு தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நாள் முழுக்க அவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு முறை தொண்டையைச் செருமினார். நானும் கூப்பிடுவாரோ என்று ஏனத்தைக் கழுவுகிற குழாயை மூடிவிட்டு நின்றேன். செருமலோடு சரி. கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? ஆறு வருடம் இவரை நான் வைத்த இடத்தில் வைத்துவிட்டு, இப்போது கூப்பிடவில்லை என்று குறைப்பட எனக்கு என்ன யோக்கியதை?

போகப் பிடிக்கவில்லை. இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

கார் ஒன்பது மணிக்கு வந்தது. டிரைவர் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மாப்பிள்ளை வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். நின்று, டிரைவரைப் பார்த்தார்.

"அண்ணா, மெதுவாப் போங்க. அத்தைக்கு வேகமாப் போனாத் தலை சுத்தும்."

"சரிங்க."

"வெள்ளகோயில்ல நிறுத்தி ஒரு டீ வாங்கிக் குடுங்க. சர்க்கரை கம்மியா."

"சரிங்க."

"அங்க தண்ணி ஒத்துக்கலீன்னா ஒடனே போன் பண்ணச் சொல்லுங்க."

"சொல்றனுங்க."

"அப்பறம் அந்தப் பை. அடி மூலையில இன்னொரு தையல் போட்டிருக்கோணும். தாங்காது. ரெண்டு நாள் இருந்தாங்கன்னா போட்டறலாம். அதையும் சொல்லுங்க."

டிரைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஏனுங்க, அம்மா இங்கதான நிக்கறாங்க? நீங்களே சொல்லுங்களேன்."

அந்தப் பையின் அடி மூலைகளில் இரட்டைத் தையல் போடவைத்தவரே இவர்தான். அரிசி மூட்டையைப் போட்டாலும் தாங்கும். எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டேன். "பை கெடக்கட்டும். டிரைவர்கிட்டச் சொல்றத எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆறு வருசமா எங்கிட்ட நீங்க பேசுனதில்லீங்க அத்தை. மரியாதைக்குப் பேசறதில்லைன்னு நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நெசமா ஏன்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? மண்டபத்துல நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன்."

கதவைப் பிடித்துக்கொண்டேன். "தப்புத்தான் மாப்பிள்ளை" என்றேன்.

"அதுக்குச் சொல்லலீங்க" என்றார். "போன மாசந்தான் பேசவே ஆரம்பிச்சீங்க. அதுக்குள்ள போறீங்களே."

நான் அழுதேன். வாசலில் நின்று, டிரைவர் பார்க்க, மாடியில் ஷகிலா பார்க்க, அறுபத்து மூன்று வயதில். அவர் வாக்கரை விட்டு ஒரு கையால் கண்ணைத் துடைக்கப் போய்த் தடுமாறினார். நான் எட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, பெட்டி ரெண்டு வெளிய இருக்குதுங்க" என்றார் டிரைவர். "ஏத்தறதுங்களா, எறக்கறதுங்களா?"

"எறக்குப்பா" என்றேன். "ஏத்துனதையும் எறக்கு."

பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, ஊன்றக் கூடாத காலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று என்ன பேச்சு, உள்ளே போய் உட்காருங்கள் என்று அதட்டினேன். சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.